பட்டியல் ஒன்று, கைகள் பல

கேள்வி: நான் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வசிக்கிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் குடியிருப்புத் தொண்டர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பொது அட்டவணை போட்டோம். முகவரி, வீட்டில் எத்தனை பேர், படகு வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா, மருந்து வேண்டுமா, கடைசியில் ‘நிலை’ என்று ஒரு பத்தி. ஒரே நேரத்தில் பலரும் கைவைத்ததில் குழப்பமாகிவிட்டது. மீட்டு வந்தவர்கள் பட்டியலில் மறுபடியும் ‘காத்திருக்கிறார்’ ஆனார்கள். யாரோ அடுக்கி வைக்கப்போய் ஒரு பத்தி மட்டும் நகர்ந்து, ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் முகவரி வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு மூன்று முறை சாப்பாடு போனது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்த ஒரு பாட்டி வீட்டுக்கு மறுநாள் வரை யாரும் போகவில்லை. அது இன்றும் எங்களை உறுத்துகிறது. கணினி படிக்கும் என் மகனும் அவன் நண்பர்களும் முறையான டேட்டாபேஸ் ஒன்று செய்து தருவதாகச் சொல்கிறார்கள். பலர் ஒரே தகவலில் கூடி வேலை செய்வதற்கு அதை எப்படி அமைக்க வேண்டும்? ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் கைவைக்க முடியாமல் பூட்டிவிடலாமா? இணையம் போய்விட்டால் என்ன செய்வது? ஐசி (அடையாள அட்டை) எண்ணை வைத்து ஆட்களை அடையாளம் பிரித்துக்கொள்ளலாமா?
— வாசகி, ஷா ஆலம்

பதில்: அந்தப் பாட்டி வீட்டுக்கு யாரும் போகாமல் விட்டதற்கு உங்கள் தொண்டர்களின் அலட்சியம் காரணம் இல்லை. டிசம்பர் 18 அன்று ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறிய வேகத்தில், கைப்பேசியில் தட்டித் தட்டியே ஒரு பட்டியலை ஓட்டியவர்களிடம் அதற்குமேல் எதுவும் கேட்க முடியாது. கோளாறு பட்டியலின் அமைப்பில்தான் இருந்தது. அதே அமைப்பை அப்படியே தூக்கி விலையுயர்ந்த டேட்டாபேஸ் ஒன்றுக்குள் வைத்தாலும் கோளாறு கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மகன் ஒரு வரி நிரல் எழுதும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

‘நிலை’ என்ற பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். மாலை நான்கு மணிக்குப் படகில் போய்வந்தவர் அதில் ‘மீட்கப்பட்டார்’ என்று எழுதுகிறார். கிள்ளானில் உள்ள உறவினர் மதியமே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நாலேகாலுக்குப் பார்த்த இன்னொருவர், அதே கட்டத்தில் ‘காத்திருக்கிறார்’ என்று மாற்றுகிறார். இருவருமே தமக்குத் தெரிந்த உண்மையைத்தான் எழுதினார்கள். முதலாமவர் எழுதியது நான்கு மணி உண்மை, அடுத்தவர் எழுதியது மதிய உண்மை. கட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடைசியாக வந்து விழுந்தது நிற்கும், முன்னது சுவடில்லாமல் மறையும். டேட்டாபேஸ் துறை பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் பழைய நோய் இது.

மருந்து எளியது. ‘நிலை’ என்ற பத்தியே வேண்டாம். வந்த செய்தி ஒவ்வொன்றையும் தனி வரியாகச் சேருங்கள். எழுதிய வரியை யாரும், நீங்களே ஆனாலும், திருத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுவது இப்படித்தானே நடக்கிறது? இரண்டு வாசலில் இரண்டு நோட்டு போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் கெடுப்பதில்லை. யாரும் ‘இதுவரை மொத்தம்’ என்று ஓர் எண்ணை எழுதி, அதை அழித்து அழித்து மாற்றிக்கொண்டிருப்பதில்லை. மொத்தம் வேண்டும்போது இரண்டு நோட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொள்கிறார்கள். எந்த நோட்டை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றே.

உங்கள் டேட்டாபேஸிலும் அடிப்படையில் இரண்டே அட்டவணை போதும். ஒன்று, வீடுகள். இன்னொன்று, செய்திகள். செய்தி அட்டவணையின் ஒரு வரியில் இவை இருக்கவேண்டும்: எந்த வீட்டைப் பற்றியது, என்ன சொல்கிறது, நேரில் பார்த்ததா அல்லது கேள்விப்பட்டதா, சொன்னவர் யார், பதிந்தவர் யார், அது நடந்த நேரம், நம்மிடம் வந்து சேர்ந்த நேரம். அந்த இரண்டு நேரமும் தனித்தனியாக இருப்பது மிக முக்கியம். அந்த நாலேகால் செய்தி வந்து சேர்ந்தது நாலேகாலுக்கு, ஆனால் அது பேசுவது மதியத்தைப் பற்றி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்து வைத்திருந்தால் மீட்டு வந்தவர் மறுபடியும் ‘காத்திருக்கிறார்’ ஆகியிருக்க மாட்டார். திரையில் தெரியும் நிலையை இந்த வரிகளிலிருந்து கணினியே கணக்கிட்டுக் காட்டட்டும். நேரில் பார்த்த செய்திக்கு முதல் மதிப்பு; அதிலும் பின்னால் நடந்ததற்கு முன்னுரிமை. இரண்டு செய்திகள் முரண்பட்டு, எது சரி என்று கணக்கிட முடியாவிட்டால், ‘முரண்: நேரில் பார்க்கவும்’ என்று சிவப்பில் காட்டவேண்டும். முரண்பாட்டை மறைத்து ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் மென்பொருளை உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு செய்தியும் வராத வீடும் பட்டியலின் மேலே வரவேண்டும். ஆகவே வீடுகள் அட்டவணையை மழைக்கு முன்பே, தெருத் தெருவாக, நிரப்பி வைத்துவிடுங்கள். உங்கள் பாட்டி விடுபட்டது, அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதாததால்தான். உதவி கேட்டவர்களை மட்டும் வைத்திருக்கும் பட்டியலில், கேட்க முடியாதவர்களுக்கு இடமே இல்லாமல் போகிறது.

இந்தப் பாடங்களைப் பலர் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு ஒரு பக்கம், நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் மறுபக்கம். ஆளாளுக்கு ஒரு பட்டியல். லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள் அப்போது ‘சஹானா’ என்ற திறந்தநிலை மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனவர்களுக்கு ஒரு பதிவேடு, முகாம்களுக்கு ஒன்று, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்பதற்கு ஒன்று, தேவைகளையும் கொடைகளையும் பொருத்துவதற்கு ஒன்று எனப் பிரித்துக்கொண்டார்கள். மறுவருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. முகாமில் அரிசி தீர்ந்ததைப் பதிபவரும், காணாமற்போன அண்ணனைத் தேடுபவரும் ஒரே அட்டவணையில் மோதிக்கொள்ளாதபடி வேலையைப் பிரித்ததே அதன் வலிமை.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பின் இன்னொரு சிக்கல் வந்தது. காணாமற்போனவர்களின் பட்டியல் பல இணையதளங்களில் சிதறிக் கிடந்தது. அவற்றை ஒன்றுசேர்க்க ‘பிஃபிஃப்’ எனப்படும் ஒரு பொது வடிவத்தைத் தொண்டர்கள் வகுத்தார்கள். 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்துக்குச் சில நாள்களில் கூகுள் வெளியிட்ட ‘பெர்சன் ஃபைண்டர்’ அதைத்தான் பயன்படுத்தியது. அந்த வடிவத்தை உங்கள் மகன் கட்டாயம் படிக்கவேண்டும். ஆளுக்கு ஒரு பதிவு. அதன் எண்ணிலேயே அது முதலில் எந்தத் தளத்தில் பிறந்தது என்பது அடங்கியிருக்கும். அந்த ஆளைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்தாலும் அதன்கீழ் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம். அடுத்தவர் குறிப்பை மாற்ற முடியாது. இரண்டு பதிவுகள் ஒரே ஆளைப் பற்றியவை என்று தெரியவந்தால் இரண்டையும் உடைத்து ஒன்றாக்குவதில்லை, ‘இதுவும் அதுவும் ஒருவரே’ என்று ஓர் இணைப்பு போடுகிறார்கள். நாளைக்கு அந்த ஊகம் தவறு என்று தெரிந்தால் இணைப்பை மட்டும் விலக்கினால் போதும். இரண்டு பேரும் முழுசாகத் திரும்பி வந்துவிடுவார்கள். ஒன்றாக்கிவிட்ட பதிவை மறுபடி பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். உங்கள் பட்டியலிலும் ‘ஒரே வீடு’ என்று தோன்றும் இரண்டு பதிவுகளை இப்படியே இணையுங்கள்.

இனி பூட்டு. செய்திகளைப் பொறுத்தவரை பூட்டே தேவையில்லை, ஏனென்றால் யாரும் யாருடைய வரியையும் தொடுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்துக்கொண்டே போக முடியாது. படகு ஒன்றுதான் இருக்கிறது. அதை இரண்டு தெருவுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது. கடைசி இன்சுலின் ஊசியை இரண்டு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. பகிர்ந்த தரவை வடிவமைப்பவர் முதலில் போடவேண்டிய கோடு இதுதான்: எதைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், எதில் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை. முதல் வகைக்குத் தாராளம், இரண்டாம் வகைக்குக் கண்டிப்பு. முழு டேட்டாபேஸையும் ஒரே விதியில் ஓட்ட முயல்பவர்கள், ஒன்று எல்லோரையும் காக்க வைக்கிறார்கள், அல்லது ஒரே படகை இருவருக்குக் கொடுக்கிறார்கள்.

கண்டிப்பு வேண்டிய இடத்திலும் நீங்கள் நினைக்கும் பூட்டு ஆபத்தானது. ஒருவர் படகின் பதிவைத் திறந்து பூட்டினார், அந்த நேரம் அவர் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது. படகு அவர் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, பதிவுக்கு ஒரு பதிப்பு எண் வைப்பது. நான் 7ஆம் பதிப்பைப் பார்த்துவிட்டுப் படகைக் கேட்கிறேன் என்றால், ‘இன்னும் 7ஆம் பதிப்பாகவே இருந்தால் மட்டும் எனக்குக் கொடு’ என்று கேட்கவேண்டும். அதற்குள் வேறொருவர் எடுத்து அது 8 ஆகியிருந்தால் என் வேண்டுகோள் செல்லாது. திரையில் புதிய நிலை தெரியும். மோதல் அரிதாகத்தான் வரும் என்று நம்பி, வரும்போது மட்டும் பிடிப்பது இதன் தத்துவம். 1981இல் குங், ராபின்சன் என்ற இருவர் எழுதிய கட்டுரை இந்த வழியை முறைப்படி வகுத்துக் காட்டியது. இரண்டாவது வழி, கெடுவைத்த ஒதுக்கீடு: படகு உங்களுக்கு இருபது நிமிடம், நீட்டிக்கச் சொல்லாவிட்டால் தானாகப் பொதுவுக்குத் திரும்பும். படகுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஆனால் கெடு முடிந்ததும் அடுத்தவருக்குத் தரும் முன், படகோட்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். தண்ணீரில் இருக்கும் படகுக்குக் கணினியின் கடிகாரம் தெரியாது.

ஒதுக்குவதும் அதைப் பதிவதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்கவேண்டும். இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. பாதியில் நிற்கக் கூடாது. மின்சாரம் போய் சர்வர் சுருண்டு விழுந்தாலும் இந்த வாக்கு காப்பாற்றப்படுவதற்கு, எந்த மாற்றத்தையும் வட்டில் செய்யும் முன் அதைப் பற்றிய குறிப்பை ஒரு பதிவேட்டில் முதலில் எழுதிவிடும் நுட்பம் காரணம். அந்தத் துறையில் மைல்கல்லாகக் கருதப்படும் ‘ஏரீஸ்’ முறையை 1992இல் சக ஆய்வாளர்களுடன் விரிவாக எழுதி வெளியிட்டவர், சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் பணிபுரிந்த சி. மோகன். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் போன்றவை அந்த வழியில் எழுந்தவை. நம்மவர் ஒருவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லும் ‘அழிக்காதே, வரியாகச் சேர்’ என்ற விதியை டேட்டாபேஸ் தன் வயிற்றுக்குள் ஏற்கெனவே கடைப்பிடிக்கிறது. உங்கள் அட்டவணையும் அப்படியே இருக்கட்டும் என்கிறேன். போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச டேட்டாபேஸ் ஒன்று இந்த வேலைகள் அனைத்துக்கும் தாராளமாகப் போதும்.

இணையம் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் கைவிடும் என்பதை விதிவிலக்காக எண்ணாமல், அதுதான் இயல்பு நிலை என்று வைத்தே கட்டுங்கள். தொண்டரின் கைப்பேசியிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸ் இருக்கும். அவர் பதியும் செய்தி முதலில் அங்கே விழும், இணைப்பு கிடைத்ததும் சர்வருக்குப் போகும். இதற்கு ஒவ்வொரு வரியின் அடையாள எண்ணும் கைப்பேசியிலேயே பிறக்கவேண்டும். சர்வர் வரிசையாக 1, 2, 3 என்று எண் கொடுக்கும் வரை காத்திருக்க முடியாது. யூயூஐடி எனப்படும் நீளமான தற்செயல் எண் இதற்கென்றே இருக்கிறது. அதில் இன்னொரு பயனும் உண்டு: விட்டு விட்டு வரும் இணைப்பில் ஒரே செய்தி மூன்று முறை போய்ச் சேர்ந்தாலும், எண் ஒன்றாக இருப்பதால் சர்வர் ஒருமுறை மட்டுமே எழுதிக்கொள்ளும். மூன்று முறை சாப்பாடு போன வீட்டின் கதை இதுவாகவும் இருந்திருக்கலாம்.

கைப்பேசிக் கடிகாரத்தை மட்டும் நம்பி முன்பின் தீர்மானிக்காதீர்கள். பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தால் போதும், அந்தத் தொண்டர் சொல்வதே எப்போதும் ‘கடைசிச் செய்தி’ ஆகிவிடும். தனித்தனி கணினிகளின் கடிகாரங்களை நம்பாமலே எது எதற்கு முன் என்று வரிசைப்படுத்தலாம் என்பதை லெஸ்லி லம்போர்ட் 1978இலேயே காட்டினார். அதற்குள் ஆழமாகப் போகத் தேவையில்லை. சர்வரோடு தொடர்பு கொள்ளும்போதெல்லாம் கைப்பேசியின் நேரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்துத் திருத்திக்கொண்டாலே உங்கள் அளவுக்குப் போதும்.

இணைப்பே இல்லாதபோது, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லாத பொருளை எப்படிக் கொடுப்பது? முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுங்கள். நூறு பொட்டலம் இருந்தால் மூன்று மையங்களுக்கு 30, 30, 40 என்று ஒதுக்கி, அவரவர் பங்குக்குள் யாரையும் கேட்காமல் கொடுக்கட்டும். பங்கு தீர்ந்தால்தான் மற்ற மையத்தோடு பேசவேண்டும். 1986இல் பேட்ரிக் ஓ’நீல் வகுத்த ஒரு முறையின் சாரமும் இதுதான். படகுகளையும் அப்படியே பகுதிவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, இதைப் பற்றித் தேடினால் பலர் ஒரே ஆவணத்தில் எழுத உதவும் ‘ஓடி’ முறையும் (எல்லிஸ், கிப்ஸ், 1989), மார்க் ஷப்பீரோவும் அவருடைய சகாக்களும் 2011இல் முறைப்படுத்திய ‘சிஆர்டிடி’ என்ற தரவு வடிவங்களும் உன் கண்ணில் படும். மிக அழகான சிந்தனைகள், படி. ஆனால் அங்கிருந்து தொடங்காதே. சேர்க்க மட்டும் செய்யும் செய்தி அட்டவணை, சிஆர்டிடியிலேயே மிக எளிய வகை. உங்கள் குடியிருப்புக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. மேலும் எந்தச் சிஆர்டிடியாலும் ஒரு படகை இரண்டாக்க முடியாது.

ஐசி எண். வேண்டாம் என்பதே என் திடமான பதில். வெள்ளத்தில் ஐசியையே தொலைத்தவர்கள் வருவார்கள். ஐசி இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருவார்கள், அவர்களுக்கும் பசிக்கும். அந்த 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பட்டியல் வெளியே கசிந்தால் எண்ணோடு ஆளின் விவரமும் கசியும். பெயரும் தனித்து நிற்காது. ஒரே லெட்சுமி ரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாக வருவார். ஒருவர் ஏ/பி போட்டு அப்பா பெயரோடு எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். உங்களுக்கு நம்பகமான பிடிமானம் வீடு. முகவரியை வீட்டு எண், தெரு, செக்‌ஷன் என்று பிரித்து, தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். ஷா ஆலமில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் தெருப் பெயர்களின் முடிவில் செக்‌ஷன் எண்ணும் தெரு எண்ணும் சாய்கோட்டோடு வரும். 25/7 என்று தனிக் கட்டத்தில் எழுதினால் பல அட்டவணை மென்பொருள்கள் அதை ஜூலை 25 என்ற தேதியாக மாற்றிவிடும். தெரு காணாமற்போய்விடும். அந்தப் பத்தியை ‘எழுத்து’ என்று முன்பே அறிவித்துவிடுவது அவசியம்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். படகோட்டிக்கு முகவரியும் ஆள் எண்ணிக்கையும் வேண்டும், வீட்டில் உள்ளவரின் நோய் விவரம் வேண்டாம். மருந்து கொண்டுபோகிறவருக்கு அது வேண்டும். தனியாக இருக்கும் மூதாட்டியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள பட்டியலை, இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம் என்று விட்டுவைப்பது அவரை வேறொரு ஆபத்தில் தள்ளுவதாகும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது. அந்தக் கட்டாயம் உங்கள் தொண்டர் குழுவுக்கு இல்லாவிட்டாலும் அதன் கோட்பாடுகளைப் பின்பற்றுங்கள்: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்வது, தேவைக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பது. வரிகளை அழிக்காதே என்று மேலே சொன்னது வேலை நடக்கும் காலத்துக்கு. வெள்ளம் வடிந்து உதவி முடிந்ததும், பெயர், தொலைபேசி, நோய் விவரங்களை மொத்தமாக நீக்கும் தேதியை இப்போதே எழுதி வையுங்கள். அதை எளிதாகச் செய்வதற்காக இந்த விவரங்கள் தனி அட்டவணையில் இருக்கட்டும். செய்தி வரிகள் வீட்டின் எண்ணை மட்டும் சுமக்கட்டும்.

மகனின் மென்பொருள் தயாராகும் வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: பொது அட்டவணையைத் திருத்தும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டு, கேள்விப் படிவம் ஒன்றை மட்டும் கொடுங்கள். படிவத்தில் நிரப்புவது ஒவ்வொன்றும் நேரத்தோடு புதிய வரியாக அடியில் சேரும், யாரும் யாருடையதையும் அழிக்க முடியாது, அடுக்கப்போய்ப் பத்தி நகரவும் வழியில்லை. படகு ஒதுக்கீட்டை ஒரே ஒருவர், மாற்று ஆளோடு, தொலைபேசியில் செய்யட்டும். இந்த ஏற்பாடே உங்கள் பழைய சிக்கல்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும்.

மென்பொருள் தயாரானதும், மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டர்களைக் கூட்டுங்கள். பாதிப் பேரின் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடச் சொல்லி, எல்லோரும் ஒரே பத்து வீடுகளைப் பற்றி முரணான செய்திகளைப் பதியட்டும், இருவர் ஒரே படகைக் கேட்கட்டும். பிறகு இணைப்பைத் திரும்பக் கொடுங்கள். பதிந்த வரிகள் அத்தனையும் வந்து சேர்ந்தனவா, படகு ஒருவருக்கு மட்டும் போனதா, முரண்கள் சிவப்பில் தெரிந்தனவா, யாரும் எதுவும் எழுதாத வீடு மேலே ஏறி வந்ததா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான்கில் ஒன்று தவறினாலும் மகனை உட்கார வைத்துத் திருத்தச் சொல்லி, அடுத்த ஞாயிறு மறுபடியும் செய்து பாருங்கள்.